வீட்டு பாய்லர் சத்தம் போடுகிறதா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் கோடை முழுக்க அணைத்து வைத்திருந்த ஹீட்டிங்கை அக்டோபரில் ஒரு நாள் போடுவோம். பாய்லர் அன்றைக்கே குரலைக் காட்டிவிடும். ஒரு வீட்டில் கெட்டில் கொதிப்பது போல இரையும். இன்னொரு வீட்டில் ரேடியேட்டருக்குள் யாரோ மடக்மடக்கென்று தண்ணீர் குடிப்பது போலக் கேட்கும். வேறொரு வீட்டில் பற்றும்போதே 'டம்' என்று சுவர் அதிரும். ஊரில் நமக்குப் பழக்கமான வெந்நீர் பாய்லர் ஒரு செப்புப் பாத்திரம், நடுவில் கரி போடும் குழாய், அவ்வளவுதான். எங்கே கோளாறு என்று பார்த்தாலே தெரியும். இங்கே எல்லாம் வெள்ளைப் பெட்டிக்குள்ளும் தரைப்பலகைக்கு அடியிலும் ஓடுகிறது. அதனால் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

லண்டனில் இத்தனை குளிர்காலங்களைக் கழித்த பிறகு இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். ஒன்று, பாய்லர் சத்தங்களில் பெரும்பாலானவை நெருப்பில் இருந்து வருவதில்லை, தண்ணீரில் இருந்து வருகின்றன. இரண்டு, தண்ணீர்ப் பக்கத்தில் நாமே பார்க்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. காஸ் பக்கத்தில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசைப்படி போங்கள்.

முதலில்: உடனே அணைக்க வேண்டிய சத்தங்கள்

பாய்லர் பற்றும்போது வெடிப்பது போல 'டம்' என்று கேட்டால், காஸ் உடனே பற்றாமல் சற்றுச் சேர்ந்து பிறகு மொத்தமாகப் பற்றுகிறது என்று அர்த்தம். எரிந்துகொண்டிருக்கும்போது நாய் ஊளையிடுவது போல நீளமாக ஒரு ஓசை வந்தால், காஸும் காற்றும் கலக்கும் அளவு தவறியிருக்கலாம், புகைபோக்கியோ காற்று வரும் வழியோ அடைத்திருக்கலாம். இரண்டு சத்தத்துக்கும் செய்ய வேண்டியது ஒன்றே: பாய்லரை அணையுங்கள், காஸ் சேஃப் (காஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியல்) பதிவு பெற்ற இன்ஜினியரை அழையுங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

காஸ் நாற்றம் வந்தால் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு, மீட்டர் பக்கத்தில் இருக்கும் காஸ் வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள். மின் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். வெளியே வந்து 0800 111 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இதுதான் காஸ் அவசர எண், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் கிடையாது. வீட்டில் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் சத்தத்தை ஆராய்வதை விட்டுவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள். அதே எண்ணுக்குக் கூப்பிட்டு, டாக்டரையும் பாருங்கள். பாய்லர் இருக்கும் அறையில் ஒரு அலாரம் கட்டாயம் இருக்கட்டும். இங்கிலாந்தில் வாடகை வீடுகளில், சமையல் அடுப்பைத் தவிர எரிபொருள் எரிக்கும் சாதனம் இருக்கும் அறைகளில் இந்த அலாரம் வைப்பது 2022 அக்டோபர் 1 முதல் வீட்டுக்காரரின் சட்டப்படியான கடமை.

இன்னொன்று: பாய்லரின் முன்மூடியைக் கழற்றாதீர்கள். பல பாய்லர்களில் அது வெறும் மூடி இல்லை, எரிப்பறையைக் காற்றுப் புகாமல் அடைக்கும் பாகம். கழற்றிச் சரியாக மாட்டாவிட்டால் புகை வீட்டுக்குள் வரும். இந்த வழிகாட்டியில் உள்ள எந்த வேலைக்கும் அதைக் கழற்றத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

மூன்று வகைதான். வெந்நீர்த் தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் பாய்லர் பற்றிக்கொண்டு வெந்நீர் தருகிறது என்றால் அது காம்பி. வெந்நீர் சிலிண்டர் (வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி) இருக்கிறது, ஆனால் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், தண்ணீர்த் தொட்டி இல்லை, பிரஷர் மீட்டர் இருக்கிறது என்றால் சிஸ்டம் பாய்லர். சிலிண்டரும் இருந்து, லாஃப்டில் சின்னத் தொட்டி ஒன்றும் இருந்தால் பழைய திறந்த அமைப்பு. இந்த மூன்றாவது வகையில் பிரஷர் மீட்டர் இருக்காது. ரேடியேட்டர் தண்ணீரை அந்தச் சின்னத் தொட்டிதான் நிரப்பிக் கொடுக்கும். கீழே பிரஷர் பற்றி நான் சொல்வதெல்லாம் முதல் இரண்டு வகைக்கு.

சத்தம் எப்போது வருகிறது?

இன்ஜினியர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலோர் "எப்பவும் வருது" என்று பதில் சொல்லிவிடுகிறோம். அப்படி எப்போதும் வருவதில்லை. அரை மணி நேரம் ஒதுக்கி, காம்பி பாய்லர் என்றால் மூன்று சோதனை செய்து பாருங்கள்.

ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் முழுதாகத் திறங்கள். சத்தம் வருகிறதா? பிறகு குழாயை மூடி, பாய்லர் ஓய்ந்ததும் ஹீட்டிங்கை மட்டும் போடுங்கள். சத்தம் பற்றும் அந்த நொடியிலா, பத்து நிமிடம் சூடேறிய பிறகா, அணைத்த பிறகா? மூன்றாவதாக, பாய்லர் முன்னால் ஒரு தடவை, ரேடியேட்டர்கள் பக்கத்தில் ஒரு தடவை, குழாய் ஓடும் தரை மேல் ஒரு தடவை நின்று கேளுங்கள். சத்தம் பாய்லரில் பிறந்து குழாய் வழியே வீடெல்லாம் பரவுவது சகஜம், அதனால் எங்கே அதிகம் என்று பார்ப்பது முக்கியம்.

வெந்நீர் திறந்தால் மட்டும் வரும் சத்தம் என்றால் ரேடியேட்டர்களை மறந்துவிடலாம். பாய்லருக்குள் வெந்நீருக்கென்று இருக்கும் தகட்டு வெப்பமாற்றியில் (சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) உப்பு படிந்திருக்கலாம், அல்லது தண்ணீரைத் திசைமாற்றும் டைவர்ட்டர் வால்வு சிக்கியிருக்கலாம். ஹீட்டிங்கில் மட்டும் வருகிறது என்றால் காற்று, சேறு, ஓட்டக் குறைவு. இரண்டிலும் வருகிறது என்றால் பம்ப், விசிறி, இல்லாவிட்டால் பிரதான வெப்பமாற்றி.

சத்தம் வரும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். இன்ஜினியர் வரும் நாளில் பாய்லர் சமர்த்தாக இருந்துவிடும். வீடியோ இருந்தால் அந்தப் பயணம் வீணாகாது.

பிரஷர் மீட்டரைப் படியுங்கள்

பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். முழுச் சூட்டில் 2 பார் வரை ஏறலாம். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் வழியே தண்ணீரைக் கொட்டிவிடும்.

ஆறிய நிலையில் 1 பாருக்குக் கீழே இருந்தால் ஏற்ற வேண்டும். பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். அடியில் வெள்ளி நிறத்தில் பின்னல் போட்ட ஒரு குழாய் இருக்கும், அதுதான் ஃபில்லிங் லூப். சில பாய்லர்களில் குழாய்க்குப் பதில் ஒரு சாவியோ நெம்புகோலோ இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். இரண்டு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, வால்வுகளை மெதுவாகத் திறங்கள். தண்ணீர் ஏறும் 'உஸ்' சத்தம் கேட்கும். முள் 1.2, 1.3 வந்ததும் இரண்டு வால்வையும் மூடிக் குழாயைக் கழற்றி வையுங்கள். கழற்றுவதை யாரும் செய்வதில்லை, ஆனால் செய்ய வேண்டும். வால்வு கொஞ்சம் கசிந்தாலும் தெருக்குழாயின் அழுத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சன்னமாக ஒரு 'உஸ்' இரவெல்லாம் கேட்கும்.

வருடத்துக்கு ஓரிரு தடவை ஏற்றுவது இயல்பு. அதற்கு மேல் போனால் கோளாறு இருக்கிறது. இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

ஒரு குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு முறை பிரஷர் குறைந்தது. நானும் ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்த்தேன். இரண்டு நிமிட வேலை, வீடு சூடாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றிருந்தேன். பிப்ரவரியில் இரைச்சல் ஆரம்பித்தது. மாடி அறைக் கட்டிலை நகர்த்தியபோதுதான் பார்த்தேன், ரேடியேட்டர் வால்வின் அடியில் கார்பெட் ஈரம், தரைப்பலகை கறுத்துப் போயிருந்தது. ஒரு நட்டைக் கால் சுற்று இறுக்கியிருந்தால் நவம்பரிலேயே முடிந்திருக்கும். அதற்குள் புதுத் தண்ணீர் உள்ளே போகப் போக, பாய்லரில் உப்பும் ரேடியேட்டர்களில் துருவும் ஏறிவிட்டன.

காரணம் இதுதான். மூடிய அமைப்பில் ஒரே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மூன்று படுக்கையறை வீட்டில் அது சுமார் 100 லிட்டர் இருக்கும். அதில் உள்ள உப்பு ஒரு தடவை படியும், உள்ள ஆக்சிஜன் கொஞ்சம் இரும்பைத் துருவாக்கித் தீர்ந்துவிடும். அதோடு சரி, அந்தத் தண்ணீர் செத்த தண்ணீர், பாய்லருக்கு நல்லது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் புது உப்பும் புது ஆக்சிஜனும் கொடுக்கிறோம். இதற்குப் பிறகு வரும் காற்று, கெட்டில் இரைச்சல், சேறு எல்லாவற்றுக்கும் பின்னால் பல வீடுகளில் இந்தப் புதுத் தண்ணீர்தான் இருக்கிறது.

அதனால் பிரஷர் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் அடியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள், வெள்ளை பச்சைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையா? ஆறியிருக்கும்போது 1.2, சூட்டில் 3 பக்கம், மறுபடி ஆறினால் 0.5 என்று முள் ஊஞ்சலாடினால் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போய்விட்டது. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் கலம் அது, உள்ளே ஒரு ரப்பர் திரை, அதன் மறுபக்கம் காற்று. காற்று இல்லாவிட்டால் விரியும் தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியே வெளியே போய்விடும். காற்று அடைக்கப் பாய்லரின் தண்ணீர் அழுத்தத்தை முழுதாக இறக்க வேண்டும், கலமும் பெரும்பாலும் மூடிக்குள்ளேயே இருக்கிறது. இதை இன்ஜினியர் செய்யட்டும். ஆனால் "முள் இப்படி ஆடுகிறது" என்று நீங்கள் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்துவிடும்.

மடக்மடக், சலசல: காற்று

ரேடியேட்டரின் மேல்பகுதி சில்லென்றும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று. சலசலப்பு பாய்லரிலும் கேட்கலாம், ஆனால் வைத்தியம் ரேடியேட்டரில்.

ஹீட்டிங்கைப் போட்டு எது எது மேலே சில்லென்று இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் சில சமயம் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகும், தண்ணீரும் கையைச் சுடும். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மாடிக்குப் போங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் சின்னச் சதுரத் திருகு இருக்கும். அதற்குரிய சாவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கீழே பழைய துண்டும் ஒரு கப்பும் பிடித்து, இடப்பக்கமாக அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று வரும், கடைசியில் தண்ணீர் துப்பும், அப்போது மூடிவிடுங்கள். அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம், பித்தளைத் திருகு மழுங்கிவிடும். குளியலறையில் துண்டு காயப்போடும் ரேடியேட்டரையும் மறக்காதீர்கள், வீட்டில் அதிகக் காற்று சேரும் இடம் பெரும்பாலும் அதுதான்.

எல்லாம் முடிந்ததும் பிரஷர் குறைந்திருக்கும், ஏற்றிக்கொள்ளுங்கள். கப்பில் பிடித்த தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. மை போலக் கறுப்பாக இருந்தால் சேற்றுப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரே ரேடியேட்டரில் மாதாமாதம் காற்று சேர்கிறதா? அது காற்றாக இல்லாமல் ஹைட்ரஜனாக இருக்கலாம். உள்ளே இரும்பு அரிக்கும்போது வெளிவரும் வாயு அது, எரியக்கூடியது. காற்றிறக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் துருத்தடுப்பு மருந்து தீர்ந்துவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

பழைய திறந்த அமைப்பு என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு லாஃப்டில் ஏறிச் சின்னத் தொட்டியைப் பாருங்கள். மிதவை வால்வு சிக்கித் தொட்டி காய்ந்துபோயிருந்தால் காற்றைத்தான் அமைப்பு இழுத்துக்கொண்டிருக்கும். மிதவையை மெல்ல அசைத்தால் பல சமயம் தண்ணீர் வர ஆரம்பித்துவிடும்.

கெட்டில் இரைச்சல்

எல்லாச் சத்தத்திலும் அதிகமாகப் பயமுறுத்துவது இதுதான். முதலில் மெல்லிய இரைச்சல், சூடேற ஏற டொக்டொக்கென்று கொதிக்கும் சத்தம், சில வீடுகளில் சரளைக் கல்லை உருட்டுவது போல. இங்கே இதற்குப் பெயரே கெட்லிங்.

ஊரில் போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிவு ஏறிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சினால் கொதிக்கும் முன்பே சத்தம் போடும். அதே கதைதான். வெப்பமாற்றியின் உள்சுவரில் உப்போ துருச்சேறோ படிந்தால், உலோகத்தின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் அந்த இடத்திலேயே தேங்கும். படிவின் இடுக்கில் மாட்டிய தண்ணீர் மட்டும் ஆவியாகும். அந்தக் குமிழி சுற்றியுள்ள குளிர்ந்த தண்ணீரில் பட்டு அமுங்கும்போதுதான் 'டொக்'. மீட்டரில் 65 டிகிரி காட்டும்போதே உள்ளே ஒரு மூலையில் கொதிப்பு நடக்கிறது. பிரஷர் குறைவாக இருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். 1.5 பாரில் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 127 டிகிரி வேண்டும், பிரஷர் இறங்க இறங்க அந்த எல்லையும் இறங்கும்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர், 1 லிட்டரில் கால் கிராம் அளவுக்குக் கடினத்தன்மை இருக்கும். கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது, பர்மிங்ஹாமுக்கு வேல்ஸின் ஏலன் பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது. இரண்டும் மென்மையான தண்ணீர். அதனால் கிளாஸ்கோ வீட்டில் கெட்டில் இரைச்சல் கேட்டால் நான் உப்பைச் சந்தேகிக்க மாட்டேன், துருச்சேற்றையும் ஓட்டக் குறைவையும் சந்தேகிப்பேன். லண்டன் வீட்டில் உப்பு, சேறு இரண்டையும்.

இப்போது படிப்படியாக. முதலில் எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் திறங்கள். பயன்படுத்தாத அறைகளில் மூடி வைப்பது நமக்குப் பழக்கம், காஸ் பில்லுக்கு நல்லதும்கூட. ஆனால் ஏழெட்டு ரேடியேட்டரில் ஐந்தை மூடிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்கு வழியில்லாமல் பாய்லருக்குள் மெதுவாக நகரும், நகராத தண்ணீர் கொதிக்கும். எல்லாம் திறந்ததும் இரைச்சல் நின்றுவிட்டால் பாய்லரில் கோளாறே இல்லை. அறைத் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரை, பெரும்பாலும் அது ஹாலில் இருக்கும், எப்போதும் திறந்தே வைத்துக்கொண்டு மற்றதில் ஒன்றிரண்டை மட்டும் மூடுங்கள்.

அடுத்து பிரஷரைச் சரிபார்த்துக் காற்றை இறக்குங்கள். அதன் பிறகும் இரைந்தால் பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத் திருப்பி வெப்பநிலையை 75, 80 இல் இருந்து 60க்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் தெளிவாகக் குறைந்தால் அது கெட்லிங்தான் என்று உறுதி. இந்த அளவிலேயே பாய்லரை ஓட்டலாம். கண்டன்சிங் பாய்லரில் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து அதன் சூடும் நமக்குக் கிடைக்கும், காஸ் மிச்சமாகும். வீடு சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே. வெந்நீர் சிலிண்டர் இருக்கும் வீட்டில் மட்டும் கவனம் தேவை. லீஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கச் சிலிண்டர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்குப் பாய்லர் அதைவிடச் சற்று அதிகமாக ஓட வேண்டும்.

சூட்டைக் குறைப்பது சத்தத்தை அடக்குகிறது, படிவு அப்படியே இருக்கிறது. படிவை எடுக்க மருந்து ஊற்ற வேண்டும். சென்டினல் எக்ஸ்200 என்று உப்புப் படிவுச் சத்தத்துக்கென்றே ஒரு திரவம் விற்கிறார்கள். புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி, துருவைப் பிடிக்கும் காந்த வடிகட்டி இருந்தால் அதன் வழியாகவோ, துண்டு காயப்போடும் ரேடியேட்டரின் மேல்மூடி வழியாகவோ, பழைய அமைப்பில் லாஃப்டின் சின்னத் தொட்டியிலோ ஊற்றலாம். படிவு கெட்டியாகிவிட்டால் எந்த மருந்துக்கும் மசியாது. அப்போது வெப்பமாற்றியைக் கழற்றிக் கழுவவோ மாற்றவோ வேண்டியிருக்கும், அது இன்ஜினியரின் வேலை.

வெந்நீர் திறந்தால் மட்டும் இரைகிற காம்பியில் இந்த மருந்து பயன்படாது. அங்கே உப்பு படிவது ரேடியேட்டர் தண்ணீரில் இருந்து அல்ல, தெருக்குழாய்த் தண்ணீரில் இருந்து. தினமும் புதுத் தண்ணீர்தான் ஓடுகிறது. வெந்நீர்க் குமிழை 50 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள், குளிக்க அது போதும். குறையாவிட்டால் தகட்டு வெப்பமாற்றியை மாற்றச் சொல்லுங்கள். கடின நீர்ப் பகுதியில் பாய்லருக்குள் நுழையும் குளிர்நீர்க் குழாயில் ஒரு உப்புத் தடுப்பானும் போட்டுவிடுவது நல்லது.

சேறு

ரேடியேட்டர் மேலே சூடு, கீழே நடுவில் சில்லென்று இருக்கிறதா? காற்று இருப்பதற்கு நேர் எதிர். அது மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்புத் துரு, காந்தத்தில் ஒட்டும், களிமண் போல அடியில் தங்கும். பம்பை அரிக்கும், வெப்பமாற்றியை அடைக்கும்.

லேசான சேற்றுக்கு ஃபெர்னாக்ஸ் எஃப்3, சென்டினல் எக்ஸ்400 போன்ற கழுவும் மருந்தை ஊற்றி, புட்டியில் சொன்ன காலம் வரை ஹீட்டிங்கை ஓட்டி, முழுத் தண்ணீரையும் வடித்துத் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். பிறகு எஃப்1 அல்லது எக்ஸ்100 போன்ற துருத்தடுப்பு மருந்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு மருந்து சேர்க்காமல் விடுவது, வடிக்காமல் இருப்பதைவிட மோசம். சேறு அதிகம் என்றால் இயந்திரம் வைத்துப் பவர் ஃபிளஷ் செய்வார்கள். செலவு பல நூறு பவுண்டு ஆகும், ஆனால் புது பாய்லர் மாட்டப் போகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய சேற்றில் புது பாய்லரை இணைத்தால் அது சீக்கிரமே பழைய பாய்லரின் குரலில் பேச ஆரம்பித்துவிடும்.

பம்பும் விசிறியும்

ஹீட்டிங் ஓடும் நேரமெல்லாம் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று வந்தால் பம்ப். சிலிண்டர் அலமாரியில் தனியாக இருக்கும் பம்ப் என்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சீரான ஓட்டம் நல்லது. கரகரவென்று மணல் அரைபடுவது போல இருந்தால் தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். களகளவென்றால் உள்ளே காற்று.

பழைய பம்புகளில் 1, 2, 3 என்று வேகச் சுவிட்ச் இருக்கும். மூன்றில் வைத்திருந்தால் இரண்டுக்கு மாற்றிப் பாருங்கள், ரேடியேட்டர்களில் கேட்கும் 'உஸ்' சத்தமும் இதில் குறையும். எல்லா ரேடியேட்டரும் சூடாகிறதா என்று மறுநாள் சரிபாருங்கள். பாய்லருக்குள்ளேயே இருக்கும் பம்பைத் தொட வேண்டாம். பற்றுவதற்குச் சற்று முன் ஆரம்பித்து விர்ரென்று ஏறும் சத்தம் விசிறியுடையது. அதுவும் மூடிக்குள், இன்ஜினியருக்கு.

தரைக்கு அடியில் டிக்டிக், சுவருக்குள் டம்டம்

ஹீட்டிங் போட்ட பத்து நிமிடமும் அணைத்த பத்து நிமிடமும் மட்டும் டிக்டிக் என்று கேட்டால் செப்புக் குழாய் நீள்கிறது, சுருங்குகிறது. 10 மீட்டர் குழாய் 50 டிகிரி சூடேறினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மரச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமாகக் கிடந்தால் அது உரசி உரசித்தான் நகர முடியும். ஆபத்து இல்லை. பலகையைத் தூக்க முடிந்தால் உரசும் இடத்தில் ஒரு துண்டு கம்பளித் துணியோ ஃபெல்ட்டோ செருகுங்கள். பலகையைத் திரும்ப அடிக்கும்போது குழாய் மேல் ஆணி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைச் சட்டென்று மூடும்போது, அல்லது வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது 'டம்' என்றால் அது ஓடும் தண்ணீர் திடீரென்று நின்று மோதும் சத்தம். பாய்லருக்குச் சம்பந்தமில்லை. தளர்ந்த குழாய்க் கிளிப்புகளை இறுக்கி, பிரதான ஸ்டாப் வால்வைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் மரங்கொத்தி போல அடித்துக்கொண்டால் அதன் தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள். சில பழைய வால்வுகளில் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி உண்டு, தலைகீழாக மாட்டியிருந்தால் மூடும்போது இப்படி அடிக்கும். குமிழை முழுதாகத் திறந்ததும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

உறைபனி நாளில் களகளவென்று சொல்லிவிட்டு நின்றுபோனால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலில் இருந்து புதிதாக மாட்டும் காஸ் பாய்லர்கள் கண்டன்சிங் வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி. இந்த வகை பாய்லர் ஓடும்போது மணிக்கு ஓரிரு லிட்டர் தண்ணீர் வடியும். அது ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே போகும். கடுங்குளிரில் அந்தக் குழாய் உறைந்தால் தண்ணீர் பாய்லருக்குள்ளேயே நிரம்பிக் களகளக்கும், பிறகு பாய்லர் பூட்டிக்கொள்ளும்.

வெளிச்சுவரில் குழாய் வளையும் இடம், தரையைத் தொடும் முனை, இந்த இரண்டில்தான் பெரும்பாலும் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரை அங்கே மெல்ல ஊற்றுங்கள், அல்லது சுடுநீர்ப் பையைக் கட்டி வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும், கீழே வழிந்தது உறைந்து நீங்களே வழுக்கி விழுவீர்கள். மாடி உயரத்தில் குழாய் இருந்தால் ஏணி போட்டு ஏறாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். ஐஸ் கரைந்ததும் ஒரு தடவை ரீசெட் செய்யுங்கள். மறுபடி உறையாமல் இருக்கக் குழாய்க்கு வெளிப்புற உறை போடலாம். வெளியே ஓடும் பகுதி மெலிந்த 21.5 மில்லிமீட்டர் குழாயாக இருந்தால் 32 மில்லிமீட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

ஹீட்டிங் அணைத்த பிறகும் சில நிமிடம் பம்ப் ஓடும், மிச்சச் சூட்டை வெளியேற்ற. கோடையில்கூட நாளுக்கு ஒரு முறை சில நொடி ஓடும், பம்ப் இறுகாமல் இருக்க. யாரும் குழாயைத் திறக்காதபோது காம்பி தானாகப் பற்றி அணைகிறதென்றால் வெந்நீரை முன்கூட்டியே சூடாக வைத்திருக்கும் வசதி போடப்பட்டிருக்கும். படுக்கையறைக்குப் பக்கத்தில் பாய்லர் இருந்தால் அதை ஈகோ (eco, சிக்கன) நிலைக்கு மாற்றிவிடுங்கள், தூக்கமும் கெடாது, காஸும் மிச்சம்.

இன்ஜினியரை அழைக்கும்போது, வாடகை வீடென்றால்

காஸ் சேஃப் ரெஜிஸ்டர் 2009 ஏப்ரல் 1 அன்று பழைய கோர்கி பதிவின் இடத்துக்கு வந்தது. இன்னும் 'கோர்கி ஆள்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் கேட்க வேண்டியது காஸ் சேஃப் அட்டை. முன்பக்கம் படமும் எண்ணும், பின்பக்கம் எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி என்றும் இருக்கும். பின்பக்கத்தையும் பாருங்கள். தெரிந்தவர் சொன்னார், மலிவாகச் செய்வார் என்று அட்டை இல்லாதவரை பாய்லரைத் திறக்க விடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள், முக்கியமாகப் படிக்க வந்த பிள்ளைகளும் புதிதாக மருத்துவமனை வேலைக்கு வந்தவர்களும், பாய்லர் சத்தத்தைப் புகார் செய்யத் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்க வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளின்படி வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு முறை காஸ் சாதனங்களைச் சோதிக்க வைத்து, அந்தச் சான்றின் நகலை 28 நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். இங்கிலாந்தில் வழக்கமான குறுகிய கால வாடகையில் ஹீட்டிங்கைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் 1985 ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பு. போனில் சொல்வதோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். சத்தம் எப்போது வருகிறது, ஆறியபோதும் சூட்டிலும் முள் எங்கே நிற்கிறது, போன மாதம் எத்தனை முறை தண்ணீர் ஏற்றினீர்கள் என்று நாலு வரி எழுதி, எடுத்து வைத்த வீடியோவையும் இணைத்து அனுப்புங்கள்.